வாடித் தராசு

எழுவைதீவு
15.01.2025

அன்புள்ள தங்கச்சி றோசலினுக்கு,

சிஸ்ரர் என்று எழுதவேண்டும் என்று உன் மச்சாள் பிலோமினம்மா பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறாள். என் கைக்கு அது வராது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுகம். உன் சுகத்தையும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுகம் என்பது இப்போதைய கதை. பதினொரு நாள் யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு முந்தநாள்தான் வீட்டுக்கு வந்தேன். இருதயம் பெருத்துவிட்டதாம். இரத்தத்தை இறைக்கிற பலம் பாதிதான் மிச்சமாம். நாற்பது வருடம் வலை இழுத்தவனுக்கு எல்லாம் பெருக்கும்தானே என்று சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை.

வரும்போது ஒரு பெட்டி தந்து விட்டார்கள். பிரசர் பார்க்கிற மெசின், நிறை பார்க்கிற மெசின், ஒரு பை நிறைய மருந்துக் குளிசை. தீவு ஆட்கள் கிளினிக்குக்கு அலையத் தேவையில்லையாம். செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு மச்சாளின் கைபேசியில் முகம் பார்த்து விசாரிப்பார்களாம். விசாரிக்கிறது கோபிகா என்று ஒரு நேர்ஸ் பிள்ளை. நிறையை நாங்கள் வாசித்துச் சொல்லவேண்டும். இப்போது ஐம்பத்தெட்டுக் கிலோ. அறுபதைத் தொட்டால் ஒன்றும் யோசிக்காமல் படகேறி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் நிறை ஏறாமல் நின்றால் தூரப்பயணம் போகலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். மே மூன்றாம் திகதி உன் வெள்ளி விழாவுக்கு வருவேன். நீ மடத்துக்குப் படகேறிய அன்று நான் கரைக்கு வரவில்லை. அம்மா பாயில் கிடந்த நேரம் போகிறாய் என்ற கோபம். இருபத்தைந்து வருடமாக அதைப்பற்றி நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நேரில் பேசுவோம்.

உன் அண்ணன்,
பத்திநாதர்


கன்னியர் மடம், பண்டாரவளை
25.01.2025

என் அன்பு அண்ணைக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். இங்கே பனி கடுமை. முழங்கால் நோவைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வருவேன் என்ற வரியை எத்தனை தரம் என்று எண்ணவில்லை. மடத்துத் தலைமைத் தாயாரிடம் கேட்டுவிட்டேன். விழாவன்று பேச்சறையில் ஒரு மணித்தியாலம் தருவார். நான் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பேன், நீங்கள் அந்தப் பக்கம். கம்பி இருக்கிறது என்று சண்டை பிடிக்கக் கூடாது.

மடத்துக்கு வரமுன் எட்டு வருடம் நேர்ஸாக வேலை பார்த்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? பின்னேரத்தில் கணுக்காலை அமத்தினால் குழி விழுகிறதா? தண்ணி இறக்கிற குளிசையைக் காலையில் ஒழுங்காகப் போடுகிறீர்களா? உப்பைக் கையாலும் தொடவேண்டாம். கருவாடு கூடவே கூடாது. மச்சாளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. விபூதிப் புதன் இம்முறை மார்ச் ஐந்தாம் திகதி. அன்று தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரை, தபசு காலம் முழுக்க, எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வருகிறதை எல்லாம் தாயார் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். எழுத இருப்பதை அதற்கு முன் எழுதுங்கள்.

செபத்தில் மறவாத தங்கச்சி,
றோசலின்


எழுவைதீவு
05.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு மச்சாள் எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறாள். மடத்துச் சட்டத்தில் எண்ணெய்க்கு இடமிருந்தால் பூசு.

நாலு செவ்வாய் போய்விட்டது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. இறங்குதுறை மதகில் ஏறி இருந்தால்தான் அந்தப் பிள்ளையின் முகம் அசையும். பத்து மணிக்கு அங்கே யார் இல்லை சொல்லு? படகுக்கு நிற்கிறவர்கள், வலையில் மீன் கழற்றுகிறவர்கள், பக்கத்து வீட்டுப் பொடியன் கிளின்ரன், அவனுடைய நாய். எல்லாரும் என் இருதயத்தைப் பார்க்க வந்து நிற்பார்கள்.

"எப்பிடி ஐயா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று பிள்ளை கேட்பாள்.

"ஓம் பிள்ளை, நல்ல சுகம். நீர் சுகமோ?"

"நித்திரை வருதோ? மூச்சு முட்டுறது ஒண்டும் இல்லையே?"

"ஒரு குறையும் இல்லை, பிள்ளை."

வேறு என்னத்தைச் சொல்கிறது? சுகமா என்று ஒருவர் கேட்டால் சுகம் என்று சொல்லத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அதுவும் சந்திக்கு நடுவில் நின்று, இரவில் இத்தனை தரம் எழும்பினேன் என்று ஒரு குமர்ப்பிள்ளைக்குக் கத்திச் சொல்ல என்னால் ஏலாது. தண்ணிக் குளிசையும் அப்படித்தான். போட்டால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஓடவேண்டும். கோவிலுக்கோ கரைக்கோ போகிற நாளில் அதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிடுவேன். இது உனக்கு மட்டும்.

தலையணை இரண்டு. கணுக்காலை நான் அமத்திப் பார்க்கவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உன் அண்ணன்,
பத்திநாதர்


எழுவைதீவு
12.02.2025

சிஸ்ரர் மச்சாளுக்கு பிலோமினம்மா எழுதுவது.

நாங்கள் சுகம். நீங்களும் மடத்தில் எல்லாரும் சுகமாயிருக்க மாதா துணை செய்வா. இவர் கரையில் நிற்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி. உங்கள் அண்ணை தேறிவிட்டார். ஆசுப்பத்திரியால் வந்தபோது கன்னம் ஒட்டி, காற்சட்டை இடுப்பில் நிற்காமல் இருந்த மனிசன் இப்போது முகம் நிரம்பி, சட்டைப் பொத்தான் இறுகுகிறது. நிறை ஐம்பத்தொன்பதரை. ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஐம்பத்தெட்டு என்றே சொல்லியிருக்கிறார். "அதுகள் சும்மா பயப்படுங்கள், நீ வாயைத் திறவாதை" என்றார்.

சாப்பாட்டில் ருசி இல்லை என்று ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்புவார். அதை எப்படியோ நான் சமாளிக்கிறேன். விழாவுக்கு என்று வெள்ளைச் சேட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பெட்டிக்குள் இருந்து எடுத்துப் பார்ப்பார், வைப்பார்.

அன்பு மச்சாள்,
பிலோமினம்மா


பண்டாரவளை
21.02.2025

அன்புள்ள மச்சாளுக்கும் அண்ணைக்கும்,

சுகம் விசாரிக்க இன்று நேரமில்லை, மன்னியுங்கள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

மச்சாள், அது தேறினது இல்லை. ஒரு மாதத்தில் இந்த வருத்தக்காரருக்கு ஏறுகிற நிறை தசை இல்லை, தண்ணி. முகத்தில் நிரம்பியிருப்பதும் அதுதான். இருதயம் இறைக்காமல் விட்ட தண்ணி உடம்பில் தேங்குகிறது. நாளைக்கு அது நெஞ்சுக்குள் ஏறும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கோபிகாவுக்கு உண்மையான நிறையைச் சொல்லுங்கள். செவ்வாய் மட்டும் பார்த்திருக்க வேண்டாம். குளிசையைக் கூட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் மறித்து வைத்து விடுவார்கள்.

அண்ணை, தண்ணிக் குளிசையை ஒரு நாளும் தள்ளி வைக்கக் கூடாது. விழாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. நான் இதை மனதோடு எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு நீங்கள் வேண்டும், வெள்ளைச் சேட்டு வேண்டாம்.

விபூதிப் புதனுக்கு முன் ஒரு வரி போடுங்கள்.

றோசலின்


எழுவைதீவு
03.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். மூன்று நாளாகக் காற்று, படகு ஓடவில்லை. உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இது புதன்கிழமைக்கு முன் உன் கைக்கு வராது. லாச்சிக்குள் கிடந்துவிட்டு வரட்டும்.

நீ எழுதியதை வாசித்து மச்சாள் அழுதாள். உடனே கைபேசியைத் தூக்கிக்கொண்டு மதகுக்கு ஓடப் பார்த்தாள். நான் மறித்து, ஆசுப்பத்திரி மெசின் உப்புக்காற்றுக்குப் பழுதாகிவிட்டது, அது வாய்க்கு வந்தபடி இலக்கம் காட்டுகிறது என்று சொன்னேன். பின்னேரம் அவளையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்குகிற வாடிக்குப் போனேன். அங்கே பெரிய தராசு இருக்கிறது. மீன்பெட்டி வைக்கிற தட்டில் ஏறி நின்றேன். கிளின்ரன்தான் வாசித்தான். ஐம்பத்தெட்டு. மச்சாள் அந்த இடத்திலேயே சிலுவை போட்டாள். இனி ஒவ்வொரு செவ்வாயும் அதில் பார்த்துத்தான் பிள்ளைக்குச் சொல்லப்போகிறேன்.

ஆனபடியால் நீ பயப்படாதே. தபசு காலத்தை நிம்மதியாக முடி.

உன் அண்ணன்,
பத்திநாதர்


எழுவைதீவு
21.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் உயிர்த்த ஞாயிறு மட்டும் பூட்டில் கிடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ வாசிக்கிற நேரம் உன் விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து நீ என்னைப் பேசலாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் சுகமில்லை.

ஆசுப்பத்திரி மெசினுக்கு ஒரு பழுதும் இல்லை. பழைய வலைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். வாடித் தராசைப் பற்றி உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பத்துக் கிலோ வைத்தால் அரைக் கிலோவை விழுங்கும். அதற்காக நானும் அப்புவும் எத்தனை தரம் வாடியில் சண்டை பிடித்திருக்கிறோம் என்று நீ கண்டிருக்கிறாய். ஆயுள் முழுக்க என் மீனைத் தின்ற தராசு அது. இப்போது என்னைத் தின்னட்டும் என்று நானாகப் போய் ஏறி நின்றேன். ஐம்பத்தெட்டு என்று அது காட்டிய அன்று வலைக்குக் கீழே கிடக்கிறது அறுபத்தொன்று சொன்னது. இன்றைக்கு அறுபத்துமூன்றரை.

சரிந்து படுக்க ஏலாது. கதிரையில் இருந்துதான் நித்திரை. செருப்பு கொள்ளவில்லை. மச்சாளுக்கு, மதகு வெயிலில் காய்ந்து செருப்புச் சுருங்கிப்போச்சு என்று கதை விட்டிருக்கிறேன். இனிப் போனால் மறித்து வைப்பார்கள். மறித்தால் பயணம் போகாதே என்று எழுதித் தருவார்கள். நான் ஒரு தரம் கரைக்கு வராமல் விட்டவன். இரண்டாம் தரமும் அப்படி விட என்னால் ஏலாது. ஆறு கிழமை பல்லைக் கடித்தால் போதும். விழா முடிந்த அடுத்த நாளே நேராக ஆசுப்பத்திரிக்குப் போவேன். சத்தியம்.

பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுத உன்னைத் தவிர வேறு ஆளில்லை. உனக்கும் இப்போது தெரியாது என்பதால்தான் எழுத முடிகிறது.

அண்ணன்


பண்டாரவளை
29.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

தாயார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பங்குச் சுவாமியார் தொலைபேசியில் அறிவித்தாராம். புதன்கிழமை மதியம், படகில், ஊர்காவற்றுறை தெரிகிற தூரத்தில் அண்ணை கண்ணை மூடினார் என்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுத மட்டும் விசேட உத்தரவு தந்திருக்கிறார். உங்கள் பதில் உயிர்த்த ஞாயிறுக்குத்தான் என் கைக்கு வரும்.

என்ன எழுதுவது மச்சாள். ஆறுதல் சொல்லுகிற வசனங்கள் எனக்கு நிறையத் தெரியும். ஒன்றும் கைக்கு வரவில்லை. பேச்சறையில் அந்தப் பக்கக் கதிரையைத் துடைத்து வைத்திருந்தேன். நேற்றும் போய்த் துடைத்தேன்.

சாப்பிடுங்கள். தனியே இருக்க வேண்டாம்.

றோசலின்


எழுவைதீவு
07.04.2025

சிஸ்ரர் மச்சாளுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நடந்ததை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மதகில் இவர் வழமைபோல நல்ல சுகம் என்றார். அந்தப் பிள்ளை அன்றைக்கு விடவில்லை. "ஐயா, ஒரு வசனம் சொல்ல நீங்கள் ரெண்டு தரம் மூச்சு எடுக்கிறீங்கள். கைபேசியை உங்கடை காலடிக்குப் பிடிக்கச் சொல்லுங்கோ" என்றாள். இவர் "காத்து இரையுது, கேக்கேல்லை பிள்ளை" என்று கட் பண்ணிவிட்டார். பிள்ளை திரும்பத் திரும்ப எடுத்தாள். என்னிடம் "அம்மா, அடுத்த படகிலை கூட்டிக்கொண்டு வாங்கோ, துறையிலை அம்புலன்ஸ் நிக்கும்" என்றாள். இவர் அன்று அசையவில்லை. புதன் காலை உதடு நீலம் பாரித்த பிறகுதான் நாலு பேர் கதிரையோடு தூக்கினார்கள். பாதிக் கடலில் என் தோளில் சாய்ந்தார். படகு துறையில் அணைந்தபோது அம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு மதகில் இருந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. கைபேசி அடித்தது. இது கோபிகா இல்லை, சயந்தினி என்று புதுப் பிள்ளை. அவளுடைய கொப்பியில் பெயர் வெட்டுப்படவில்லைப் போல. "பத்திநாதர் ஐயா எப்பிடி, சுகமோ?" என்றாள். "ஓம் பிள்ளை, சுகம்" என்று சொல்லிவிட்டேன் மச்சாள். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வலையை வெயிலில் போட இழுத்தபோது கீழே அந்த மெசின் கிடந்தது. ஏறி நின்றேன். நல்லாக வேலை செய்கிறது. வாடித் தராசு குறைக்கும் என்று இந்தத் தீவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? அன்றைக்கு ஐம்பத்தெட்டு என்றதும் எனக்கு அதை நம்பவேண்டும்போல இருந்தது. நம்பிவிட்டேன்.

உங்களுக்கு ஏதும் எழுதினாரா? இன்னொன்றும் கேட்கவேண்டும். சோறு இறங்கவில்லை என்று கெஞ்சுவார். கிழமையில் இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். மூன்று தண்ணியில் கழுவித்தான் வைத்தேன். அதனாலோ மச்சாள்?

பிலோமினம்மா


பண்டாரவளை
21.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்களைத் தனியே விடமாட்டார். நேற்றுப் பூசை முடியத் தாயார் லாச்சியைத் திறந்தார். உங்களுடையது ஒன்று, அண்ணையுடையது இரண்டு. திகதி ஒழுங்கில் வாசித்தேன்.

எழுதினார் மச்சாள். கடைசிக் கடிதத்தைப் பார்த்தெழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூலத்தைத் தர எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார். பொய்ச் செருப்புக் கதையும், பொய்த் தராசும் உங்களை ஏமாற்ற அவர் செய்தது. அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

நான் சுமக்க வேண்டியது வேறு. அண்ணனுக்குக் கடும் வருத்தம், அவர் கடிதத்தை மட்டும் தாருங்கள் என்று தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்திருப்பார். இருபத்தைந்து வருடமாகச் சட்டம் மீறாதவள் என்ற பெருமையில் நான் கேட்கவில்லை. நான் வரச்சொல்லி ஆசைப்பட்டதால்தான் அவர் ஒளித்தார். நேர்ஸாக இருந்த எனக்கு, பேச்சறைக் கதிரையைத் துடைக்கிற வேலைதான் பெரிதாகத் தெரிந்தது.

கோபிகாவிடம் வாடித் தராசைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் வரும் என்றும் சொல்லுங்கள். எத்தனை தலையணை, எந்தச் செருப்பு, எந்த மெசின் என்று கேட்கட்டும்.

மே மூன்றாம் திகதி அந்த ஒரு மணித்தியாலம் உங்களுக்கு இருக்கிறது. வாருங்கள்.

றோசலின்


எழுவைதீவு
07.05.2025

சிஸ்ரர் மச்சாளுக்கு,

விழாவுக்கு வரவில்லை என்று மனவருத்தப்பட வேண்டாம். பை கட்டி, துறைக்கு வந்து, அந்தப் படகைப் பார்த்தேன். கால் ஏறவில்லை. வெள்ளைச் சேட்டை இவருக்குப் போட்டுத்தான் அடக்கினோம். அது உங்களுக்குத் தெரிய வேணும்.

கடிதம் கிடைத்தது. இவர் எழுதியதைக் கிளின்ரனைக் கொண்டு வாசிப்பிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே எழுத்துக் கூட்டினேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். கருவாட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எழுதாததை விளங்கிக்கொண்டேன் மச்சாள். உங்களில் கோபம் இல்லை. எழுதியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மெசினைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நேற்றுச் செவ்வாய் மதகுக்குப் போனேன். கோபிகாதான் எடுத்தாள். நீங்கள் சொன்னதை எல்லாம் சொன்னேன். தராசுக் கதையைக் கேட்டதும் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கே கோவிலடியில் இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்கும் இதே வருத்தமாம், அடுத்த கிழமை ஆசுப்பத்திரியால் வீட்டுக்கு விடுகிறார்களாம். மெசினை அவவின் வீட்டிலேயே வைக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் பக்கத்தில் நின்று இலக்கத்தை வாசிக்கவேணுமாம். ஓம் என்றேன்.

பிறகும் பிள்ளை கைபேசியை வைக்கவில்லை. முகத்தைக் கிட்டக் கொண்டு வந்து, "அம்மா, நீங்கள் எப்பிடி?" என்று கேட்டாள். படகுக்கு நின்ற சனம் எல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. எனக்குச் சுகம் என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"நான் சுகமில்லை, பிள்ளை" என்றேன்.

அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்கோ அம்மா, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

பிலோமினம்மா